தண்டபாணியின் குரல் வரும் வாரம்

ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது, கரூரில் தன் வீட்டு அடுப்படியில் சாந்தாமணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கொல்லிமலையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்து, உங்கள் வீட்டுக்காரருடைய குரல் இந்தப் பூஜை லீவில் வருகிறது, வந்து கேட்டுக்கொள்கிறீர்களா, இல்லை நாங்களே கேட்டுக்கொள்ளட்டுமா என்று விசாரித்தாள்.

"யாரோட குரலு?"

"தண்டபாணின்னு எழுதியிருக்குங்கம்மா. கரூரு, பஸ் கூண்டு கட்டற கம்பெனி. ஏழு வருசத்துக்கு முந்தி விஜயதசமிக்கு அஞ்சு பேரா வந்து மூணு நாள் தங்கியிருக்காங்க. நோட்டுல இந்த நம்பர்தான் போட்டிருக்கு."

தன் பெயர் நல்லம்மா என்றும், வேங்கைக்காட்டில் இருக்கும் மூன்று காட்டேஜுகளைத் தான்தான் பார்த்துக்கொள்வதாகவும் அவள் சொன்னாள். பிறகு, கேஸ் சிலிண்டர் என்றைக்கு வரும் என்று தெரிவிக்கிற சாதாரணக் குரலில் விளக்கினாள். மற்ற ஊர்களில் மலையைப் பார்த்துக் கத்தினால் கத்தின உடனே திரும்பி வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற அக்கரைப் பாறை எதையும் உடனே கொடுக்காது, ஏழு வருஷம் வைத்திருந்துதான் கொடுக்கும். அதற்கு இங்கிலீஷ் தேதி தெரியாது, திதிக் கணக்குதான், அதனால் பூஜைக்குக் கத்தினது பூஜைக்குத்தான் வரும். பெரும்பாலும் கத்தினவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள், அன்றைக்கு நாங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவோம்.

வேறு யாராக இருந்தாலும் இது ஏதோ ஏமாற்றுப் போன் என்று வைத்திருப்பார்கள். சாந்தாமணி வைக்கவில்லை. அவளுக்குப் பாறை பெரிதாகப் படவில்லை, அந்த மூன்று நாள்தான் பெரிதாகப் பட்டது.

ஏழு வருஷத்துக்கு முன்பு அவர்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். பத்தொன்பது நாள் இருந்தது, பிறகு இல்லாமல் போனது. அடக்கம் செய்த பதினோராம் நாள் பூஜை வந்தது. பஸ் கம்பெனி ஆட்கள் நாலு பேர், இப்படியே உட்கார்ந்திருந்தால் ஆள் என்னத்துக்கு ஆவது என்று தண்டபாணியை ஒரு வேனில் ஏற்றிக் கொல்லிமலைக்குக் கூட்டிப் போனார்கள். அவனும் போனான். சாந்தாமணி அம்மா வீட்டில், நிற்காத பாலுக்கு மாரைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் இருட்டுவதற்குள் அவன் ஒரு தார் மலைவாழைப் பழத்தோடு வந்து வாசலில் நின்றான், தொண்டை கட்டியிருந்தது. டூர் போன இடத்தில் கும்மாளம் போட்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பிறகு மிதுன் பிறந்தான், அவனுக்கு இப்போது ஐந்து வயது. தண்டபாணி குரலை உயர்த்தாத மனிதன், ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கழுவித் தருகிறவன், பையனின் யூனிஃபார்மை அவனே தேய்த்துக் கொடுக்கிறவன், அக்கம்பக்கத்தில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. அந்த மூன்று நாளைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் ஒரு சொல் பேசப்பட்டதில்லை.

"ரூம் போட்டு வைங்க. ரெண்டு பேரு," என்றாள் சாந்தாமணி.

அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னபோது தண்டபாணி பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான். "அங்க இப்ப மழையா இருக்கும்," என்றான்.

"குடை எடுத்துக்கலாமுங்க."

விஜயதசமி அன்று காலை மிதுனைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். முந்தின நாள்தான் காருக்குப் பூஜை போட்டிருந்தார்கள், கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்க, முன்னால் கட்டிய இரண்டு வாழைக்கன்றுகளும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு கூடவே வந்தன, எதிரே வந்த லாரிகளும் அதே மாதிரி வாழைக்கன்றும் மாலையும் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைகள் போல வந்தன, ஊருக்கு ஊர் ரோட்டில் உடைத்த பூசணிக்காய் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. நாளுக்கு ஒரு டீக்கு மேல் குடிக்காத தண்டபாணி நாமக்கல்லுக்குள் இரண்டு தடவை டீக்கு நிறுத்தினான். சேந்தமங்கலத்தில் நன்றாக இருந்த டயருக்குக் காற்றுப் பிடித்தான். மலை ஏற ஆரம்பித்து, வளைவுகளுக்கு எழுதியிருந்த எண்களைச் சாந்தாமணி வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தபோது, முப்பதாவது வளைவில், "பிரேக் ஒரு மாதிரி இருக்குது. திரும்பிரலாமா?" என்றான்.

"முன்னால போற பஸ் உங்க கம்பெனி கட்டுனதுதான? அதுவே ஏறுது. நம்ம காருக்கு என்ன கேடு?"

அவன் கியரை மாற்றி ஏறினான். நாற்பதாவது வளைவில் அவள் கேட்டாள். "அப்படி என்னத்தத்தான் கத்துனீங்க?"

"ஞாபகமில்ல."

அவளுக்கு அவனைத் தெரியும். ஞாபகமில்லாவிட்டால் யோசித்துப் பார்த்துத்தான் ஞாபகமில்லை என்பான். இது யோசிக்காமல் வந்தது. மீதி முப்பது வளைவுக்கும் அவள் எண்ணவில்லை. வேறொருத்தியின் பெயரோ? என்னைத் திட்டினாரோ? அவளை மிகவும் பயமுறுத்தியது மூன்றாவது யோசனை: சும்மா சந்தோஷத்தில் கத்தியிருந்தால்?

வேங்கைக்காடு நாற்பது வீட்டு ஊர். ஏன் அந்தப் பாறை இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருவர் உள்ளே குகை நீளம் என்றார், இன்னொருவர் பாறைக்குக் காது மந்தம் என்றார், பெரும்பாலானவர்கள் இதை ஏன் கேட்கிறீர்கள் என்பதுபோலப் பார்த்தார்கள். ஆனால் பாறையோடு எப்படி வாழ்வது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்றைக்கோ குழம்பில் வெந்துபோன சேவல் விடிகாலையில் அக்கரையிலிருந்து கூவும், இக்கரைச் சேவல்கள் அதற்குப் பதில் கூவும், முதல் கூவலுக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நிறுத்திப் பல வருஷமான டவுன் பஸ் ஆறே காலுக்கு ஹாரன் அடிக்கும், ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் மட்டும் முதல் வாரம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, சிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது, வயலுக்கும் வேலைக்கும் போய்விட்ட அண்ணன் அக்காக்கள் அக்கரையிலிருந்து சேர்ந்து சொல்வார்கள், ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று ஒரு குரல் தப்பாகச் சொல்ல, ஐம்பத்தாறு என்று வகுப்பே திருத்தும், அந்தத் தப்புக்குச் சொந்தக்காரன் ட்ராக்டரில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொள்வான். எலெக்‌ஷன் வருஷத்தில் ஒருவர் மைக்கில் வந்து இந்த ஊர் ஓடைக்குப் பாலம் கட்டித் தருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார். ஏழாம் வருஷம் அந்தச் சத்தியம் திரும்பி வரும் நாளில் ஊரார் அதிகாரிகளை அழைத்து, நாற்காலி போட்டு, இளநீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்க வைத்தார்கள். பாலம் இப்போது இருக்கிறது. ஊருக்கு வரும் வழியில் தண்டபாணியின் கார் ஏறி வந்தது அதன்மேல்தான்.

நல்லம்மா ஐம்பது வயதுப் பெண், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். அவர்களுக்கு ஒதுக்கிய காட்டேஜின் வராந்தா பள்ளத்தைப் பார்த்து இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அக்கரைப் பாறை, வெறும் சாம்பல் நிறப் பாறை, ஒரு பக்கம் தேனடை தொங்கியது, பார்க்க ஒன்றுமில்லை.

"நாலு மணிக்கு உங்க கூட்டாளிங்க வருவாங்க," என்று அவள் தண்டபாணியிடம் சொல்லிவிட்டு, பலாக்கொட்டை வறுத்து ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

நாலு மணிக்கு வந்தார்கள். வெயில் காய்ந்துகொண்டிருந்த பள்ளத்துக்கு அப்பாலிருந்து, "டேய் அக்கரையில எவனாச்சும் இருக்கீங்களாடா?" என்று அன்றைக்குக் கூட வந்த மாரப்பனின் குரல் தெளிவாகக் கேட்டது. அதைத் தொடர்ந்து ஜேம்ஸ் ஒரு பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடினான். "சூப்பர்வைசர் ஒழிக!" என்று இன்னொரு குரல் மூன்று முறை முழங்கியது.

"அது ரத்தினசாமியண்ணன் இல்ல?" என்றாள் சாந்தாமணி. "அவருதான் இப்ப சூப்பர்வைசரு."

தண்டபாணி வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நாளாயிற்று, அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கூச்சலில் அவன் குரல் ஒரு இடத்திலும் இல்லை.

அவள் அடுப்படிப் பக்கம் போய் நல்லம்மாவிடம் கேட்டாள். நல்லம்மா நோட்டைப் புரட்டினாள். "அவரு தனியாங்கம்மா. மூணாம் நாளு, நாளான்னிக்கு ஞாயித்துக்கிழமை வருது, பத்தே காலுக்கு, மேட்டுல ஒத்தையில நின்னு."

"என்னன்னு எழுதலையா?"

"யாரு, எப்பன்னுதான் எழுதுவோம். என்னன்னு எழுதறதில்ல. அது அவங்கவங்க சமாச்சாரமில்ல?"

"நீங்க அன்னிக்குக் கேக்கலையாக்கா?"

"நான் அப்ப எங்கண்ணன் ஊட்ல சாமை அறுக்கப் போயிருந்தேன்," என்றாள் நல்லம்மா. பிறகு சாந்தாமணியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கெட்டதா இருந்தா அவரு உங்களக் கூட்டிக்கிட்டு வந்திருப்பாரா?" என்றாள்.

"அவரு கூட்டிட்டு வரலைங்க்கா. நான்தான் அவரக் கூட்டிட்டு வந்தேன்."

நல்லம்மா நோட்டை மூடினாள்.

சனிக்கிழமை முழுக்க தண்டபாணி உட்காரவில்லை. மனசு சரியில்லாவிட்டால் அவன் எதையாவது ரிப்பேர் செய்வான். காட்டேஜின் பாத்ரூம் கதவு தரையில் இழுத்தது, கழற்றிச் சரியாக்கினான். பள்ளிக்கூடத்து இரும்புப் பீரோவின் கைப்பிடியை நிமிர்த்தினான். மினி பஸ் வந்து நின்றபோது அதன் பின்கதவு கடகடவென்று ஆடுவதைப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் ஸ்பானர் வாங்கி, பயணிகள் காத்திருக்க நாலு போல்ட்டையும் முறுக்கிவிட்டான். சாந்தாமணி ஊருக்குள் நடந்தாள். பக்கத்துக் காட்டேஜில் முசிறியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் கூட்டி வந்த நாய் இங்கே குரைத்திருந்ததாம், அதைக் கேட்பதற்காக வந்தாராம். மத்தியானம் அது குரைத்தது. பெரியவர் எழுந்து நின்று, நல்லா இருக்கானே, நல்லா இருக்கானே என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். சாந்தாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குரைப்புக்காக இத்தனை தூரம் வருகிறவர்கள் இருக்கும் உலகத்தில், ஏழு வருஷமாக ஒரு கேள்வியைக் கேட்காமலே நான் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தண்டபாணி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். "ஆகாய கங்கை அருவிய நீ பார்த்ததில்ல. இப்பப் போனா கூட்டம் இருக்காது."

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வராந்தாவின் முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அருவி எங்கயும் போகாதுங்க."

அவன் சட்டையைக் கழற்றவில்லை, போகவும் இல்லை. படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஊர் அதன் வேலையில் இருந்தது. வராந்தாவுக்குக் கீழே ஒரு பெண் சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள், கீழ்த் தோட்டத்தில் யாரோ வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள், நல்லம்மா கயிற்றில் போர்வைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் மெல்ல ஏறி அக்கரைப் பாறையின் நெற்றிக்கு வந்தது. முதலில் ஒரு செருமல் கேட்டது. கரூர் வீட்டில் தினமும் காலையில் பாத்ரூமிலிருந்து கேட்கிற அதே செருமல், கொஞ்சம் இளையது.

பிறகு குரல் வந்தது.

"அல்லீ..."

சாந்தாமணியின் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

"அல்லீ... ஏ அல்லீ..."

அது அழுகை இல்லை. பொழுது இறங்கிய பிறகும் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை, சோறு ஆறுகிறது வா என்று வாசலில் நின்று கூப்பிடுகிற குரல். கொஞ்சம் அதட்டல் இருந்தது. வந்துவிடுவாள் என்கிற நம்பிக்கையும் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டு, பதிலுக்கு இடம் விட்டு, மறுபடி கூப்பிட்டு, மறுபடி இடம் விட்டு, குரல் பள்ளத்தின் மேல் வந்துகொண்டே இருந்தது.

குழந்தைக்கு முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டு வைப்பதாக இருந்த பெயர் அது. பெயர்ப் புத்தகத்தில் தண்டபாணி பேனாவால் கோடு போட்டு அவளிடம் நீட்டினான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் தலையாட்டினாள். வேறு யாருக்கும் சொல்லவில்லை. அடக்கம் செய்தபோது பெயர் கேட்டார்கள், இன்னும் வைக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு அந்தப் பெயரை அவள் காதால் கேட்டதே இல்லை, அவள் நாக்கும் அதைச் சொன்னதில்லை.

அடுத்த தடவை பெயர் வந்து, பதிலுக்கான இடம் விழுந்தபோது, கீழே சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உரக்கக் குரல் கொடுத்தாள். "வந்துட்டேன்ப்பா!"

வாழைத் தோட்டத்திலிருந்து இன்னொரு பெண்குரல், "இதோ வர்றேன்ப்பா!" என்றது.

"வந்துக்கிட்டே இருக்கேன்!" என்று இன்னும் கீழே, மரங்களுக்குள்ளிருந்து ஒரு சிறுமி கத்தினாள்.

சாந்தாமணி எழுந்துவிட்டாள். போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நல்லம்மா, அவள் பார்வையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பேரு சொல்லிக் கூப்பிட்டா யாராச்சும் ஏன்னு கேக்கணுமில்லீங்களா? கூப்பிட்டவங்களுக்கு அன்னிக்கு ஆள் கெடச்சுதோ இல்லியோ, நமக்கென்ன தெரியும். அதான், யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க சொல்லிருவாங்க."

அல்லி யார் என்று நல்லம்மா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. குரல் கரகரத்து, தேய்ந்து, வெறும் காற்றாகி நின்றது. பிறகு சாமை முறத்தின் சத்தம் மட்டும் இருந்தது.

"தொண்டை போயிருச்சு," என்றான் தண்டபாணி படியிலிருந்து, திரும்பாமல். "அதுக்கு மேல வரல."

சாந்தாமணி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அழுவாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். அவளுக்கு வந்தது கோபம், ஏழு வருஷத்துக் கோபம்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? அந்தப் பேர ஒரே ஒரு தடவ, எம்முன்னால வாய் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ தாங்க மாட்டேன்னு..."

"நான் தாங்கலைன்னு எப்பங்க பாத்தீங்க? நீங்கதான் பக்கத்துலயே இல்லையே! நீங்க டூர் போயிட்டீங்க!"

"டூரா?" தண்டபாணி எழுந்தான். அவன் குரல் உயர்ந்ததை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். "எங்கயாச்சும் போய்க் கத்தணும் போல இருந்துச்சுடி! உங்கம்மா ஊட்ல கத்த முடியுமா? பட்டறையில கத்த முடியுமா? நீ செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்த. உம்பக்கத்துல வந்து கத்தச் சொல்றியா?"

"ஆமா! கத்தியிருக்கணும்! மலைக்குக் கேக்கற மாதிரி கத்துனீங்கல்ல, எனக்குக் கேக்கற மாதிரி கத்தறதுக்கு என்ன? நான் என்ன நெனச்சுட்டு இருந்தேன் தெரியுமா இத்தன வருசம்? இந்தாளுக்கு அவ ஒரு பொருட்டே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்!"

"அப்படியா நெனச்ச?"

"பின்ன வேற எப்படி நெனைக்கறது? வாழப்பழத்தோட வந்து நின்னா?"

கீழே முறம் நின்றுவிட்டது. முசிறிப் பெரியவர் எழுந்து தன் காட்டேஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்லம்மா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவே வராமல், ஆனால் இரண்டு பேருக்கும் கேட்கிற தூரத்துக்கு வந்து நின்றாள்.

"அம்மா, ஐயா, கொஞ்சம் உள்ள போய்ப் பேசறீங்களா? நேரா பாறையப் பாத்துக் கத்தறீங்க. ஏழு வருசம் கழிச்சு நாங்க சோத்துல கை வெக்கற நேரத்துக்கு இது அத்தனையும் வரும்."

சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரட்டுங்க்கா. நாங்க வந்து கேட்டுக்கறோம்."

"அப்ப நோட்டுல எழுதிரட்டுமா? ரெண்டு பேருக்கா?"

சாந்தாமணி தண்டபாணியைப் பார்த்தாள். அவன் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு பேருக்குப் போடுங்க," என்றான். "பையனுக்கு அப்பப் பன்னெண்டு வயசாயிருக்கும். அவனுக்கு ஒரு அக்கா இருந்தான்னு அவனும் தெரிஞ்சுக்கட்டும்."

நல்லம்மா நோட்டை எடுத்துவர உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் இருவரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்திருந்தார்கள்.